ஒரு கண் திறந்த பொம்மை: வீரபாண்டியும் ஜப்பானும்

(எபிசோடில் பேசினதைப் படிக்க வசதியாகத் திருத்திய எழுத்து வடிவம் இது.)

கடையில பில் போடுற இடத்துல உட்கார்ந்து ஒரு கையை மட்டும் ஆட்டிக்கிட்டே இருக்குமே, தங்க நிறத்துல ஒரு பூனை, பார்த்திருப்பீங்க. ஃபேன்சி ஸ்டோர், சலூன், மொமோ கடை எல்லாத்துலயும் இருக்கு. நிறைய பேர் அதைச் சீனப் பொம்மைன்னு நினைக்கிறாங்க. ஆனா அதோட சொந்த ஊர் ஜப்பான். பேரு மானெகி நெகோ. 'கூப்பிடுற பூனை'ன்னு அர்த்தம். அது டாட்டா காட்டலை, 'வா, வா'ன்னு கூப்பிடுது. ஜப்பான்ல ஒருத்தரைக் கூப்பிட உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமா வெச்சு விரலை அசைப்பாங்க. நம்ம ஊர்லயும் அப்படித்தான் கூப்பிடுவோம். அதனால அந்தப் பூனை சொல்றது நமக்கு ஈஸியாவே புரியணும்.

ஆனா இன்னைக்கு எபிசோட் பூனையைப் பத்தி இல்லை. அதைவிட எனக்குச் சுவாரசியமாப் பட்ட இன்னொரு ஜப்பான் பொம்மை இருக்கு. கடையில வாங்கும்போது அதுக்குக் கண்ணே இருக்காது. அந்தப் பொம்மையோட சேர்த்து, தேனியிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர்ல இருக்கிற வீரபாண்டி கோயிலையும் பார்க்கப் போறோம். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாதது. ஆனா ரெண்டு கதையிலயும் முதல்ல ஒரு கண் வருது, கொஞ்ச நாள் கழிச்சுத்தான் இன்னொரு கண் வருது.

கண் இல்லாத பொம்மை

அந்தப் பொம்மை பேரு தருமா. காகிதக் கூழ்ல செய்றது. உருண்டையா, சிவப்பா இருக்கும். கை கிடையாது, கால் கிடையாது. அடியில கனம் வெச்சிருப்பாங்க, அதனால தள்ளிவிட்டா சாயும், உடனே எழுந்துக்கும். நம்ம தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை மாதிரியே. 'ஏழு தடவை விழு, எட்டு தடவை எழு'ன்னு ஜப்பான்ல ஒரு சொலவடை இருக்கு. அதுக்கு உருவம் கொடுத்த மாதிரி இந்தப் பொம்மை.

தருமான்னா போதிதர்மர். '7ஆம் அறிவு' படம் 2011-ல வந்ததுக்கு அப்புறம் நம்ம ஊர்ல இவரைப் பத்தி எல்லாரும் பேசிட்டோம். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர்னு ஒரு மரபு சொல்லுது. பழைய சீனக் குறிப்புகள்ல ஒண்ணு தென்னிந்தியர்னு சொல்லுது, இன்னொண்ணு பாரசீகர்னு சொல்லுது. அந்தச் சண்டைக்குள்ள நாம போக வேண்டாம். நமக்கு முக்கியம் அவரைச் சுத்தி வளர்ந்த ரெண்டு கதை. ஒண்ணு, ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தியானம் பண்ணினதுல கை கால் எல்லாம் மரத்து உதிர்ந்து போச்சாம். பொம்மைக்குக் கை கால் இல்லாதது அதனாலதான். இன்னொண்ணு, நடுவுல தூக்கம் வந்திடுச்சுன்னு கோபத்துல தன் கண் இமையையே வெட்டி எறிஞ்சாராம். அது விழுந்த இடத்துல தேயிலைச் செடி முளைச்சுதாம். சின்னமனூர்லேர்ந்து மேகமலைக்கு ஏறும்போது ரெண்டு பக்கமும் தேயிலை பார்ப்பீங்க இல்லையா, அப்போ இந்தக் கதையை ஒருதரம் நினைச்சுக்கோங்க.

ஜப்பான்ல தருமா பொம்மைக்குப் பேர் போன ஊர் தக்கசாகி. அங்கே ஷோரின்சான் தருமாஜின்னு ஒரு கோயில். 1783-ல பக்கத்துல இருந்த அசாமா எரிமலை வெடிச்சுது, அதோட பெரிய பஞ்சமும் சேர்ந்துக்கிச்சு. பிழைப்பு இல்லாம நின்ன விவசாயிகளுக்கு அந்தக் கோயில் துறவி இந்தப் பொம்மையைச் செய்யக் கத்துக்கொடுத்தார்னு கோயில் வரலாறு சொல்லுது. அந்தப் பகுதி பட்டுப்புழு வளர்ப்புக்கும் பேர் போனது. பட்டுப்புழு தூங்கித் தூங்கி, தோலை உரிச்சுக்கிட்டு எழும். அந்த 'எழுறது'க்கும் பொம்மை 'எழுறது'க்கும் ஜப்பான் மொழியில ஒரே சொல். அதனால பட்டு விவசாயிங்க வீட்ல தருமா கட்டாயம் இருக்கும். போடி, தேனிப் பக்கம் மல்பெரி போட்டுப் புழு வளர்க்கிறவங்களுக்கு இந்தப் பயம் புரியும். ஒரு பேட்ச் புழு நோயில படுத்துச்சுன்னா போட்ட பணம் எல்லாம் போச்சு.

சரி, கண்ணுக்கு வருவோம். தருமாவை வாங்கினதும் மனசுல ஒரு வேண்டுதல் வெச்சுக்கிட்டு, பொம்மையோட இடது கண்ணை மட்டும் வரைவீங்க. அப்புறம் அதை அலமாரியில வெச்சிடுவீங்க. வேண்டினது நடந்தா, அன்னைக்கு வலது கண். தேர்தல்ல ஜெயிச்ச வேட்பாளர் பெரிய தருமாவுக்கு ரெண்டாவது கண் வரையுறதை ஜப்பான் டிவியில காட்டுவாங்க. நடக்கலைன்னா? அது ஒத்தைக் கண்ணோட உங்களையே பார்த்துக்கிட்டு இருக்கும்.

ரெண்டு தடவையில பார்வை வந்த ராஜா

இப்போ வீரபாண்டிக்கு வாங்க. தேனியிலிருந்து கம்பம் போற ரோட்டுல, முல்லையாத்துக் கரையில இருக்கு கௌமாரியம்மன் கோயில். தலபுராணம் சொல்ற கதை இது. மதுரையை ஆண்ட வீரபாண்டிங்கிற ராஜாவுக்கு ஊழ்வினையால ரெண்டு கண்ணும் தெரியாமப் போச்சு. சிவன் கனவுல வந்து, வைகைக் கரையோரமாப் போய் வேப்பங்காட்டுல தவம் இருக்கிற கௌமாரியைக் கும்பிடுன்னு சொன்னார். ராஜா வந்தார், கும்பிட்டார், ஒரு கண்ணுல பார்வை வந்துச்சு. ஒரு கண்ணுலதான். அப்புறம் அம்மன் சொன்னபடி கண்ணீஸ்வரமுடையாரை வழிபட்ட பிறகுதான் இன்னொரு கண் கிடைச்சுது. ரெண்டு கோயிலும் இன்னைக்கும் அங்கே பக்கத்துல பக்கத்துல இருக்கு.

உடனே 'நம்ம ஊர்லேர்ந்துதான் ஜப்பானுக்குப் போச்சு'ன்னு வாட்ஸ்அப்ல போட்டுடாதீங்க. அப்படி ஒரு தொடர்பும் கிடையாது. பின்ன ஏன் ரெண்டு இடத்துலயும் கண்? ஏன் ரெண்டு தவணை?

நம்ம ஊர்ல கண்ணுங்கிறது ரெண்டு பக்கமும் வேலை செய்யும். கெடுதலும் கண்ணாலதான் வருது. கண்ணு பட்டுடுச்சு, கண்ணேறு, கொள்ளிக்கண்ணுன்னு எத்தனை சொல்லு இருக்கு பாருங்க. புது வீடு கட்டினா பூசணிக்காயில முட்டைக்கண் மூஞ்சி வரைஞ்சு தொங்கவிடுறோம். கடை வாசல்ல எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டுறோம். குழந்தை கன்னத்துல கறுப்புப் பொட்டு வெக்கிறோம். எல்லாம் அடுத்தவன் கண்ணைத் திசை திருப்பத்தான். அதே சமயம், காப்பாத்தவும் ஒரு கண் வேணும். அம்மனை 'ஆயிரம் கண்ணுடையாள்'னு கூப்பிடுறோம். வீரபாண்டித் திருவிழாவுல அக்கினிச்சட்டி எடுக்கிறவங்களோட சேர்ந்து, ஆயிரங்கண் பானை எடுக்கிறவங்களும் வருவாங்க. மாரியம்மன் கோயில் வாசல்கள்ல மெல்லிய வெள்ளைத் தகட்டுல கண் மாதிரி அச்சடிச்சு விப்பாங்களே, அது கண்மலர். அதை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டு உண்டியல்ல போடுவாங்க.

ஜப்பான்லயும் இதுக்குச் சொந்தக்காரங்க உண்டு. அங்கே கோயில்ல வேண்டுதலை எழுதித் தொங்கவிடுற சின்ன மரப்பலகைக்கு 'எமா'ன்னு பேரு. நோய் தீர்க்கிற புத்தரான யாகுஷி கோயில்கள்ல கண் நோய்க்குன்னே ஒரு எமா இருக்கு. அதுல 'மெ'ங்கிற எழுத்தை ரெண்டு தடவை எதிரும் புதிருமா வரைஞ்சிருப்பாங்க. ஜப்பான் மொழியில 'மெ'ன்னா கண். ரெண்டு எழுத்தும் சேர்ந்தா ஒரு ஜோடிக் கண்ணு முழிச்சுப் பார்க்கிற மாதிரியே தெரியும்.

சிவப்பு எதுக்கு, வேப்பிலை எதுக்கு

இந்த எபிசோடுக்குப் படிக்க ஆரம்பிச்சப்போ தருமா ஏன் சிவப்புன்னு ஒரு கேள்வி வந்துச்சு. துறவியோட அங்கி சிவப்புங்கிறது ஒரு பதில். அதோட சேர்ந்து இன்னொரு பதிலும் இருக்கு. அது பெரியம்மை.

735-லேர்ந்து 737 வரைக்கும் ஜப்பான்ல பெரியம்மை சூறையாடுச்சு. மக்கள்தொகையில நாலுல ஒரு பங்கு முதல் மூணுல ஒரு பங்கு வரைக்கும் செத்திருக்கலாம்னு வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கு போடுறாங்க. அதுக்கப்புறம் நூற்றாண்டுக்கணக்கா அது திரும்பத் திரும்ப வந்துச்சு. அம்மைக்குன்னு ஒரு தெய்வம் உண்டு, அந்தத் தெய்வத்துக்குச் சிவப்புன்னா ஒரு இது, அப்படின்னு அங்கே நம்பினாங்க. அதனால அம்மை கண்ட குழந்தைக்குச் சிவப்புத் துணி, சிவப்பு மையில அச்சடிச்ச படம், சிவப்பு பொம்மை. தருமா அந்தக் கூட்டத்துல ஒண்ணு. அகாபெகோன்னு தலையாட்டுற சிவப்பு மாடு இன்னொண்ணு. அந்த மாட்டு உடம்புல இருக்கிற வட்டப் புள்ளிகள் அம்மைத் தழும்புன்னே சொல்றாங்க.

இப்போ நம்ம பக்கம் பாருங்க. அம்மை போட்டா 'நோய் வந்திருக்கு'ன்னு சொல்ல மாட்டோம். 'ஆத்தா வந்திருக்கா'ன்னு சொல்வோம். கொப்புளத்துக்குப் பேரு முத்து. வாசல்ல வேப்பிலை சொருகுவோம், வெளியாளை உள்ளே விட மாட்டோம், இறங்கினதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்துவோம். ராஜாவுக்குச் சிவன் காட்டின இடம் வேப்பங்காடுன்னு சொன்னேன் இல்லையா, அந்த வேம்பு சும்மா வரலை. ரெண்டு ஊரும் பேர் சொல்லக்கூடப் பயந்த ஒரு நோய்க்கு மரியாதை கொடுத்து, அதைச் சமாதானப்படுத்தப் பார்த்திருக்கு.

கண்ணும் இதுக்குள்ளதான் இருக்கு. பெரியம்மை கண்ணுல இறங்கினா பார்வை போயிடும். உயிர் பிழைச்சு வந்தவங்கள்ல நிறைய பேர் கண்ணை இழந்தவங்க. அதனால மாரி கோயில்ல கண்மலர் விக்கிறது ஏதோ அலங்காரத்துக்கு இல்லை. குழந்தை பிழைச்சா போதும், பார்வையோட பிழைச்சா இன்னும் போதும்னு ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டிருந்த ஒரு அம்மாவோட பயம் அந்தத் தகட்டுல இருக்கு.

ஒண்ணை நேராச் சொல்லிடணும். பெரியம்மையை ஒழிச்சது தடுப்பூசி. இந்தியாவுக்கு அது 1802-ல வந்துச்சு, ஜப்பானுக்கு 1849-ல. இந்தியாவுல கடைசி நோயாளி 1975 மே மாசம். உலகத்துலேயே அது இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 1980-ல அறிவிச்சுது. சிவப்புப் பொம்மையும் வேப்பிலையும் நோயைத் தடுக்கலை. ஆனா நோய் போனதுக்கப்புறமும் பொம்மை இருக்கு, அக்கினிச்சட்டி இருக்கு, கண்மலர் இருக்கு. நோயைத் தவிர வேற ஏதோ ஒரு வேலையும் அது பார்த்துக்கிட்டு இருந்திருக்கணும் இல்லையா?

பாக்கி இருக்கிற கணக்கு

என்ன வேலைன்னு புரிஞ்சுக்க நம்ம சொல்லையே எடுத்துக்குவோம்: நேர்த்திக்கடன். அதுல 'கடன்'ங்கிறதுக்குக் கொடுக்க வேண்டிய பணம்னும் அர்த்தம், கடமைன்னும் அர்த்தம். ஜுரத்துல கிடக்கிற பிள்ளை பக்கத்துல உட்கார்ந்துகிட்டு அம்மா என்ன பண்ணுவாங்க? மஞ்சள் துணியில ஒரு ரூபாய்க் காசை வெச்சு முடிஞ்சு, சாமி படத்துக்கிட்ட வெப்பாங்க. 'தாயே, இவன் எழுந்து உட்காரட்டும், உனக்குச் சட்டி எடுக்கச் சொல்றேன்'. பிள்ளை எழுந்துக்கும். துணி அங்கேயே இருக்கும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேத்தும்போது அந்த முடிச்சு கண்ணுல படும்.

அந்த முடிச்சும் ஒத்தைக் கண் தருமாவும் ஒரே வேலையைத்தான் பார்க்குது. ரெண்டும் பாதியில நிக்கிற ஒரு கணக்கை வீட்டுக்குள்ள, கண்ணு படுற இடத்துல வைக்குது. அதிர்ஷ்டத்தை இழுக்கிற காந்தம்னு கடைக்காரர் சொல்லி விக்கலாம். வாங்கினவங்க வீட்டுல அது ஞாபகப்படுத்துற வேலையைத்தான் பார்க்குது.

ஒரு வித்தியாசமும் இருக்கு, எனக்கு அதுதான் பிடிச்சது. ஜப்பான்ல பெரும்பாலும் வேண்டிக்கிறவரே கண்ணை வரையறார். பரீட்சைன்னா மாணவர், தேர்தல்னா வேட்பாளர். நம்ம ஊர்ல வேண்டுறது ஒருத்தர், கடனைக் கட்டுறது இன்னொருத்தர். ரெண்டு வயசுல உங்களுக்கு ஜுரம் வந்தப்போ பாட்டி வேண்டிக்கிட்டது, இருபத்தஞ்சு வயசுல பெங்களூர்ல வேலை பார்க்கிற உங்க தலையில வந்து நிக்கும். சித்திரைக் கடைசியில செவ்வாய்க்கிழமை தொடங்கி எட்டு நாள் நடக்கிற வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னாடி வர்ற போன் கால் இதுதான்: "டேய், உனக்குச் சட்டி பாக்கி இருக்கு. லீவு சொல்லிட்டு வந்துரு." நீங்க கையெழுத்துப் போடாத கடன். கோபம் வரலாம். 'என்னைக் கேட்டா வேண்டினீங்க?'ன்னு கேட்கலாம், கேட்கிறதுல தப்பும் இல்லை. ஆனா அன்னைக்கு ராத்திரி வேற எதுவும் கையில இல்லாத ஒருத்தங்க, 'இவன் பெரியவனாவான், சட்டியைத் தூக்குற அளவுக்கு வளர்வான்'னு முன்கூட்டியே நம்பிப் போட்ட கணக்கு அது. அந்த வேண்டுதலுக்குள்ள உங்களோட இருபத்தஞ்சாவது வயசு அப்பவே இருந்திருக்கு.

தாயத்துக்கும் இதே மாதிரி ஒரு ஜப்பான் ஜோடி உண்டு. பேரு ஒமாமோரி. சின்னப் பட்டுப்பை, உள்ளே மந்திரம் எழுதின தாள் இல்லைன்னா மரத்துண்டு. பிரிச்சுப் பார்க்கக் கூடாது. நம்ம தாயத்தையும் யாரும் திறந்து பார்க்கிறதில்லை. ஆனா அங்கே ஒரு வருஷம் ஆனதும் ஒமாமோரியைக் கோயில்லயே திருப்பிக் கொடுத்திடுவாங்க. தருமாவும் அப்படித்தான். வருஷ முடிவுல கொண்டுபோய்க் கொடுத்தா சேர்த்து வெச்சு எரிப்பாங்க. நடந்ததோ நடக்கலையோ, கணக்கு முடிஞ்சுது, புதுசு வாங்கு. நம்ம ஊர்ல கடன் அப்படி வருஷத்துல காலாவதி ஆகாது.

ஜப்பான்லயே இன்னொரு குரலும் எழுந்துச்சு. ரெண்டு கண்ணும் வந்தாத்தான் வெற்றின்னு காட்டுறது பார்வையில்லாதவங்களைக் குறைச்சுப் பேசுற மாதிரி இருக்குன்னு பார்வையற்றோர் தரப்புலேர்ந்து ஆட்சேபம் வந்துச்சு. அதுக்கப்புறம் சில அரசியல்வாதிங்க அந்தக் கண் வரையுற சடங்கையே விட்டுட்டாங்க. நம்ம தலபுராணக் கதையைச் சொல்லும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும். பார்வை போனதை ஊழ்வினைன்னு சொல்ற வரி, கேட்கிற ஒருத்தருக்கு வலிக்கலாம்.

குச்சனூர்க் காக்காவும் குமானோ காக்காவும்

கடைசியா ஒரு காக்கா. சின்னமனூர் பக்கத்துல குச்சனூர்ல சனீஸ்வரருக்குத் தனிக் கோயில் இருக்கு. சுயம்புன்னு சொல்வாங்க. ஆடி மாச சனிக்கிழமைகள்ல கூட்டம் தாங்காது. எள் தீபம் போடுவாங்க, பொரியும் உப்பும் போடுவாங்க, சனியோட வாகனமான காக்கா உருவத்தை வாங்கி வைப்பாங்க. மத்த நாள்ல காக்கா வந்து கத்தினா 'யாரோ விருந்தாளி'ன்னு சொல்வோம், இல்லைன்னா விரட்டுவோம். குச்சனூர்ல அதுக்கு மரியாதையே தனி.

ஜப்பான்ல குமானோங்கிற இடத்துல காக்காதான் கடவுளோட தூதர். அதுக்கு மூணு கால். பேரு யாதகராசு. நீங்க ஃபுட்பால் பார்க்கிறவங்கன்னா ஏற்கனவே பார்த்திருக்கீங்க: ஜப்பான் கால்பந்து சங்கத்தோட சின்னத்துல பந்தை மிதிச்சுக்கிட்டு நிக்கிறது அந்தக் காக்காதான். 1931-லேர்ந்து அது அவங்க சின்னம். குமானோ கோயில்கள்ல ஒரு காப்புத்தாள் கொடுப்பாங்க. அதுல இருக்கிற எழுத்தே குட்டிக் குட்டிக் காக்காய்களைச் சேர்த்து வரைஞ்சது. வீட்டைக் காக்கும்னு சுவர்ல ஒட்டுவாங்க. ஆனா அந்தக் காலத்துல சாமுராய்கள் அதே தாளோட பின்பக்கத்துல சத்தியப் பத்திரம் எழுதினாங்க. எழுதினதை மீறினா குமானோவுல ஒரு காக்கா செத்துவிழும், மீறினவனும் ரத்தம் கக்கிச் சாவான்னு நம்பிக்கை.

இங்கேயும் அதே கதைதான் பாருங்க. முன்பக்கம் காப்பு, பின்பக்கம் வாக்கு. 'என்னைக் காப்பாத்து'ங்கிறதும் 'நான் சொன்னதைச் செய்வேன்'ங்கிறதும் ஒரே தாள்ல.

அப்போ வாங்கலாமா, வேண்டாமா?

ஆன்லைன்ல தருமா கிடைக்குது. அழகா இருக்கு, டேபிள் மேல வெக்கலாம். வாங்குறது உங்க இஷ்டம். ஆனா வாங்கிட்டு ரெண்டு கண்ணையும் ஒரே நாள்ல வரைஞ்சா அது வெறும் ஷோகேஸ் பொம்மை. ஒண்ணை வரைஞ்சிட்டு நிறுத்தணும். இன்னொண்ணு காலியா இருக்கிறதைத் தினமும் பார்க்கணும். அந்தக் காலி இடத்துக்காகத்தான் அந்தப் பொம்மையே.

காசு செலவு பண்ண வேண்டாம்னா, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பூஜை அலமாரியை நல்லாப் பாருங்க. மூலையில எங்கேயாவது ஒரு மஞ்சள் முடிச்சு கிடக்கலாம், துணி வெளுத்துப்போய், காசு கறுத்துப்போய். அது யாருக்காக, எந்த வருஷம், என்ன நடந்தப்போ முடிஞ்சதுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. அவங்க இருக்கும்போதே கேளுங்க. முடிச்சுல பேர் எழுதியிருக்காது, அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். கேட்ட கதையை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, இன்னொரு எபிசோடுல போடுறோம்.